இரண்டாவது விடுதலை நாள்

1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகும் குற்றப் பழங்குடியினர் சட்டம் நாட்டின் பல பகுதிகளில் நடப்பில் இருந்தது. 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த இச்சட்டம் சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பார்த்தது. குற்றம் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. அச்சமூகத்தில் பிறந்ததே போதும். இச்சட்டத்தின் பட்டியலில் இருந்தவர் கைரேகை பதிக்க வேண்டியிருந்தது, வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. மதுரை வட்டாரத்தில் பிரமலைக் கள்ளர் ஆண்கள் பலர் இரவில் காவல் நிலையத்தில் படுத்தெழ வேண்டியிருந்தது. 1920இல் அதே வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்தவர்கள் சுடப்பட்டனர்.

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் ஒழிந்தது. நாடு முழுவதும் ஒழிய 1952 ஆகஸ்ட் 31 வரை ஆனது. இச்சட்டத்திலிருந்து விடுபட்ட சமூகங்களான சீர்மரபினர் பலருக்கு விடுதலை நாள் அதுதான். அதுவும் அரைகுறை விடுதலையே. வழக்கக் குற்றவாளிகள் சட்டம் என்ற புதுப் பெயரில் காவல்துறைக் கண்காணிப்பு பல மாநிலங்களில் தொடர்ந்தது.