பெட்டியில வர்ற செட்டப் நம்ம மண்ணுக்கு இல்ல: ஆர்.சி. பக்கியைப் பல வருஷம் ஓட வைக்கிறது எப்படி?

இன்னைக்கு ஒரு பக்கியைப் பத்திப் பேசப் போறோம். வீட்ல அம்மா திட்டும்போது சொல்ற பக்கி இல்லைங்க. ரிமோட்ல ஓடுற, மண்ணுல பாய்ஞ்சு குதிக்கிற ஆஃப்-ரோடு ரேஸ் கார். ஆர்.சி. பக்கி.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருந்து வர்ற மெசேஜ்ல ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருது. "அண்ணா, காசு சேத்து வச்சு வண்டி வாங்கினேன். முதல் வாரம் செம. ரெண்டாவது வாரம் திருப்பும்போதெல்லாம் உருளுது. மூணாவது வாரம் கரகரன்னு ஒரு சத்தம். இப்ப பரண் மேல கிடக்கு." வண்டி மோசமா? பெரும்பாலும் இல்ல. நம்ம தரைக்குத் தகுந்த மாதிரி அதை யாரும் மாத்தல. ஓட்டி முடிச்சதும் யாரும் சுத்தம் பண்ணல. இன்னைக்கு எபிசோடு முழுக்க இந்த ரெண்டு விஷயம்தான்.

பொம்மை மாதிரி இருக்கும், ஆனா மெஷின்

கடையில வாங்குற சாதா ரிமோட் கார் கெட்டுப்போனா தூக்கிப் போட வேண்டியதுதான். ரேஸ் பக்கி அப்படி இல்ல. ஒவ்வொரு ஸ்க்ரூவும் கழட்டலாம், ஒவ்வொரு பாகமும் தனியா கிடைக்கும். பொதுவா ரெண்டு சைஸ்: நிஜக் காரோட பத்துல ஒரு பங்கு, எட்டுல ஒரு பங்கு. எட்டுல ஒரு பங்கு வண்டி கிட்டத்தட்ட அரை மீட்டர் நீளம், மூணு கிலோவுக்கு மேல எடை. ஜப்பான்ல டாமியா கம்பெனி 1979-ல சாண்ட் ஸ்கார்ச்சரை விட்டாங்க. அமெரிக்காவுல அசோசியேட்டட் கம்பெனி 1984-ல ஆர்.சி.10 விட்டாங்க. அதுல அலுமினிய சேஸி, ஆயில் நிரப்பின ஷாக். இன்னைக்கு நீங்க வாங்குற வண்டியும் அந்த வழியில வந்ததுதான்.

ஆவடிக்காரங்களுக்கு சஸ்பென்ஷன் பத்தி நான் சொல்லித் தரணுமா? ஹெச்.வி.எஃப்.ல தயாரான டி-72 டாங்கிக்கு டார்ஷன் பார். அதாவது, முறுக்கிக்கிட்டுத் திரும்புற இரும்புத் தண்டு. பக்கத்துலயே சி.வி.ஆர்.டி.இ. வடிவமைச்ச அர்ஜுன் டாங்கிக்கு ஆயிலும் அழுத்தம் ஏத்தின வாயுவும் சேர்ந்து வேலை செய்யுற ஹைட்ரோ-நியூமேட்டிக் சஸ்பென்ஷன். ஐம்பது டன்னுக்கு மேல இருக்கிற டாங்கியா இருந்தாலும் சரி, மூணு கிலோ பக்கியா இருந்தாலும் சரி, கேள்வி ஒண்ணுதான்: மேடு பள்ளத்துல சக்கரம் தரையை விடாம இருக்க என்ன பண்றது?

இங்க ஏன் பராமரிப்பு இவ்வளவு முக்கியம்? காசு. ஆர்.சி. கார் பெரும்பாலும் பொம்மைங்கிற தலைப்புலதான் இறக்குமதி ஆகுது. 2020 பட்ஜெட்ல பொம்மைக்கான சுங்க வரியை 20 சதவீதத்துல இருந்து 60 ஆக்கினாங்க, 2023-ல 70. வரி ஏறினா கடைக்காரர் ஸ்டாக் குறைப்பார். அப்புறம் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஆர்ம் உடைஞ்சாக்கூட வாரக்கணக்குல காத்திருக்கணும். வெளிநாட்டுல ஒருத்தர் சும்மா மாத்திட்டுப் போற பாகத்தை, இங்க நாம காப்பாத்தி வைக்கணும்.

முதல்ல தரையைப் பாருங்க

கம்பெனி கொடுக்கிற செட்டப், தண்ணி தெளிச்சு உருளை ஓட்டித் தயார் பண்ணின டிராக்கை மனசுல வச்சுப் போட்டது. நமக்கு மூணு வகைத் தரை கிடைக்கும். ஒண்ணு, செம்மண்ணும் சரளையும் கலந்த மைதானம். ரெண்டு, கோடையில காஞ்ச ஏரி ஓரத்துக் களிமண். அடியில சிமெண்ட் மாதிரி கெட்டி, மேல மாவு மாதிரி தூசி. மூணு, பிளாட் போட்டு வித்த காலி மனை. அங்க எம்-சாண்டும் ஜல்லித்தூளும் சிதறிக் கிடக்கும். எம்-சாண்ட் உடைச்ச கல். முனை கூர்மையா இருக்கும், டயரை அரம் மாதிரி தேய்க்கும்.

இடம் கேட்டுட்டு ஓட்டுங்க. ஆவடியில பாதுகாப்புத் துறை நிலம் நிறைய. அங்க போகவே வேண்டாம்.

இப்ப செட்டப். ஒரே ஒரு விதி: ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். மூணை ஒண்ணா மாத்தினா, எது வேலை செஞ்சதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

வரிசை: முதல்ல டயர். சஸ்பென்ஷன்ல மணிக்கணக்கா தடவுறதை விட, சரியான டயர் அதிகமா உதவும். தூசி மூடின கெட்டித் தரைக்குச் சின்னச் சின்ன பட்டன் வச்ச டயர். இளகின மண்ணுக்கு உயரமான பட்டன். ரொம்ப மிருதுவான ரப்பர் நல்லாப் பிடிக்கும். ஆனா எம்-சாண்ட்ல ரெண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல தாங்காது. டயரை ரிம்மோட ஒட்டின பசை விட்டிருக்கான்னு ஓட்டுறதுக்கு முன்னாடி விரலால இழுத்துப் பாருங்க.

ரெண்டாவது, உயரம். பேட்டரி மாட்டின வண்டியை ஒரு சாண் உயரத்துல இருந்து கீழே போடுங்க. அது நிலைச்சு நிக்கும்போது, சக்கரத்துக்குப் போற டிரைவ் ஷாஃப்ட் தரைக்குக் கிட்டத்தட்ட சமமா இருந்தா நல்ல தொடக்கம். சரளை அதிகமா இருந்தா ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் ஏத்துங்க. திருப்பும்போது உருளுதா? இறக்குங்க. சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளே ஒண்ணு ரெண்டு டிகிரி சாய்ஞ்சிருக்கணும், அதுதான் கேம்பர். பின் சக்கரம் ரெண்டும் முன்பக்கமா லேசா உள்ளே பாத்திருக்கணும், ரெண்டு மூணு டிகிரி. இது இல்லேன்னா ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் வால் சுத்தும்.

மூணாவது, ஷாக் ஆயில். இங்கதான் சென்னை வெயில் விளையாடும். சூடு ஏறினா ஆயில் இளகும். டிசம்பர் காலையில சரியா இருந்த வண்டி, மே மாசம் 40 டிகிரியில பந்து மாதிரி குதிக்கும். அப்போ ஒரு படி கெட்டியான ஆயில் ஊத்துங்க. சிலிக்கான் ஆயில் மட்டும்தான். வீட்ல இருக்கிற இன்ஜின் ஆயிலையோ தையல் மெஷின் ஆயிலையோ ஊத்தினா, உள்ள இருக்கிற ஓ-ரிங் ஊதிப்போய் ஷாக் சிக்கும். ஆயில் ஊத்தினதும் தண்டை மெதுவா மேலும் கீழும் ஆட்டி, குமிழ் எல்லாம் வெளியே வர்ற வரைக்கும் பொறுமையா இருங்க. காத்து நின்னா இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி வேலை செய்யும்.

நாலாவது, டிஃப்ரென்ஷியல். எட்டுல ஒரு பங்கு பக்கியில மூணு இருக்கும்: முன்னாடி, நடுவுல, பின்னாடி. அதுக்குள்ளயும் சிலிக்கான் ஆயில்தான், ஆனா ஷாக்ல ஊத்துறதை விடப் பல மடங்கு கெட்டி. நடு டிஃப்ல ஆயில் ரொம்ப இளக்கமா இருந்தா, முன் சக்கரம் காத்துல சும்மா சுத்தி சக்தி வீணாகும். ரொம்பக் கெட்டியா இருந்தா வழுக்குற தரையில வண்டி பிடிவாதம் பிடிக்கும். முதல் மூணையும் சரி பண்ணாம இதைத் தொடாதீங்க.

கடைசியா கியர். மோட்டார்ல இருக்கிற சின்னப் பல்சக்கரமும் பெரிய பல்சக்கரமும் ஒட்டுற இடத்துல நோட்டுப் பேப்பர் கீத்து ஒண்ணை விட்டு, அழுத்தி வச்சு ஸ்க்ரூவை முடுக்குங்க. அப்புறம் சக்கரத்தைச் சுத்திப் பேப்பரை வெளியே எடுங்க. கிழியாம, மடிப்பு மடிப்பா வந்தா இடைவெளி சரி. ஓட்டி முடிச்சதும் மோட்டார் சூடு 80 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினா மோட்டார் காந்தம் பலம் இழக்க ஆரம்பிக்கும். ஒரு பல் குறைவான சின்னச் சக்கரம் போடுங்க. வேகம் கொஞ்சம் குறையும், மோட்டார் பிழைக்கும். கொரோனா காலத்துல வாங்கின நெற்றி தெர்மாமீட்டர் இதுக்கு உதவாது. அது உடம்புச் சூடு பாக்கச் செஞ்சது. ஹார்டுவேர் கடையில கிடைக்கிற இன்ஃப்ராரெட் கன் வாங்குங்க.

ஓட்டினதுக்கு அப்புறம் இருபது நிமிஷம்

வண்டியைப் பரண்ல ஏத்துறது ரெண்டு விஷயம்: தூசி, அவசரம். ஓட்டி முடிச்ச அன்னைக்கே இருபது நிமிஷம் ஒதுக்குங்க.

காஞ்ச பெயிண்ட் பிரஷ்ஷால தூசியைத் தட்டுங்க. பஞ்சர் கடை அண்ணன்கிட்ட கேட்டுக் காத்தடிக்கலாம். ஆனா கண்ணாடி போட்டுக்குங்க, பேரிங் பக்கம் நேரா அடிக்காதீங்க. அந்த அழுத்தத்துல தூசி வெளியே வராது, உள்ளதான் போகும். வெளியில தெரியுற மூட்டுகளுக்கு எண்ணெய் போடாதீங்க. எண்ணெயும் நம்ம ஊர் தூசியும் சேர்ந்தா உப்புத்தாள் மாதிரி. மழைக்காலச் சேத்துல ஓட்டினா இன்னும் கவனம். பெட்டியில வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருக்கிறது எலக்ட்ரானிக்ஸுக்கு. பேரிங்குக்கு அது தெரியாது, துருப்பிடிக்கும்.

சக்கரத்தை ஒவ்வொண்ணா விரலால சுத்திப் பாருங்க. கரகரப்பு இருந்தா பேரிங் போச்சு. இங்கதான் நல்ல செய்தி. வெளிநாட்டுல இருந்து வரவழைக்கத் தேவையில்ல. பேரிங் உலகம் முழுக்க ஒரே அளவு. எட்டுல ஒரு பங்கு வண்டிகள்ல பரவலா இருக்கிறது உள் விட்டம் 8, வெளி விட்டம் 16, தடிமன் 5 மில்லிமீட்டர். பேரிங் கடையில 688-னு கேளுங்க. பத்துல ஒரு பங்கு வண்டியில 5, 10, 4 இருந்தா எம்.ஆர்.105. ரப்பர் மூடி போட்டதா கேட்டு வாங்குங்க. இரும்பு மூடியை விட நம்ம தூசிக்கு அதுதான் தாங்கும். வெர்னியர்ல அளந்துட்டுப் போங்க. "கார் பேரிங்"னு கேட்டா அவர் மாருதிக்கு எடுத்துக் கொடுப்பார்.

ஸ்க்ரூ விஷயம். கூடவே வர்ற எல்-கீயைத் தூக்கி ஓரமா வைங்க. 1.5, 2, 2.5 மில்லிமீட்டர்ல நல்ல ஹெக்ஸ் டிரைவர் மூணு போதும். ஸ்க்ரூ தலை மொழுக்கையாயிட்டா அதைக் கழட்டவே ஒரு நாள் போகும். அலுமினியத்துல இறங்குற ஸ்க்ரூவுக்கு நீல நிற த்ரெட்லாக் ஒரு சொட்டு. பிளாஸ்டிக்ல வேண்டவே வேண்டாம், சில பிளாஸ்டிக் அதனால வெடிச்சிடும்.

பேட்டரி: இதுல விளையாட்டு இல்ல

வண்டி உடைஞ்சா காசு போகும். லிப்போ பேட்டரி தப்பாப் போனா வீடு எரியும். அதனால இதை மட்டும் மனப்பாடம் பண்ணுங்க. ஒரு செல் நிறைஞ்சா 4.2 வோல்ட். ஓடும்போது 3.2-க்குக் கீழ போக விடாதீங்க. வாரக்கணக்கா சும்மா வைக்கணும்னா 3.8. முழுசா சார்ஜ் பண்ணி அடுத்த மாசத்துக்குன்னு எடுத்து வைக்காதீங்க, கெட்டுப்போகும்.

சார்ஜ் போடுறது டைல்ஸ் தரையில, பக்கத்துல ஆள் இருக்கும்போது. மெத்தை, சோஃபா, கதவுப் பக்கம் வேண்டாம். ஏதாவது ஆனா நீங்க ஓடி வெளியே போற வழி அதுவா இருக்கக் கூடாது. உப்பிப்போன பேட்டரியைக் குத்தாதீங்க, "இன்னும் ஒரு தடவை"ன்னு ஓட்டாதீங்க, குப்பைத் தொட்டியில போடாம இ-வேஸ்ட் எடுக்கிறவங்ககிட்ட கொடுங்க. மே மாசம் ஸ்கூட்டர் டிக்கியில வச்சுட்டு டீ குடிக்கப் போகாதீங்க. அந்த டிக்கி ஒரு அடுப்பு.

அதே மாதிரி ஃபெயில்-சேஃப். ரிமோட் சிக்னல் போனா வண்டி தானா நிக்கிற மாதிரி செட் பண்ணணும். வண்டியை ஸ்டாண்ட்ல வச்சு, லேசா ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக்கிட்டே ரிமோட்டை அணைச்சுப் பாருங்க, சக்கரம் நிக்கணும். நிக்கலேன்னா அன்னைக்கு ஓட்டாதீங்க. மூணு கிலோ வண்டி வேகமா வந்து ஒரு குழந்தையோட காலுல மோதினா என்ன ஆகும்னு யோசிங்க. மைதானத்துல நமக்கு முன்னாடியே கிரிக்கெட் ஆடுற பசங்க இருக்காங்க, இடம் அவங்களோடதும்தான்.

ஒரு நாப்பது பக்க நோட்டு

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. பூந்தமல்லிக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓடுற நிஜ ரேஸ் காராகட்டும், உங்க கையில இருக்கிற பக்கியாகட்டும், டீம்கிட்ட ஒரு செட்டப் ஷீட் இருக்கணும். நீங்களும் நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்குங்க. தேதி, இடம், தரை எப்படி, வெயிலா மழையா, என்ன டயர், என்ன ஆயில், எதை மாத்தினீங்க, வண்டி என்ன பண்ணுச்சு. அவ்வளவுதான். ஆறு மாசத்துல அந்த நோட்டு உங்க ஏரியா மண்ணோட மேனுவல் ஆயிடும். அப்படி ஒரு மேனுவலை எந்தக் கம்பெனியும் உங்களுக்கு எழுதித் தராது.

அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் போடுற அண்ணன்கள் இருக்காங்க. அளவு சரியா எழுதிக்கிட்டுப் போனா ஒரு ஸ்பேசரோ புஷ்ஷோ கடைஞ்சு கொடுக்கக் கூடியவங்க. சின்ன வேலைதான், அவங்க வேலை நடுவுல தொந்தரவு பண்ணாம, மரியாதையாக் கேளுங்க. நம்மில் நிறைய பேரோட அப்பா, மாமா அந்த எஸ்டேட் ஷிஃப்ட் முடிச்சு வந்தவங்கதான். வெர்னியர் பிடிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் உங்க வீட்லயே இருக்கலாம். அவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போங்க.

பரண்ல இருக்கிற வண்டியை இந்த வாரம் இறக்குங்க. முதல்ல பேட்டரி உப்பியிருக்கான்னு பாருங்க, அப்புறம் ஒவ்வொரு சக்கரத்தையும் சுத்திப் பாருங்க. என்ன சத்தம் வந்துச்சுன்னு நோட்டுல முதல் வரியா எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.