புல்வெளிக்கு நடுவே ஒரு பாதாளக் காடு

மேற்கு உகாண்டாவின் ராணி எலிசபெத் தேசியப் பூங்காவில், வெயில் காயும் புல்வெளி ஓரிடத்தில் சட்டென்று பிளந்து கீழே இறங்குகிறது. சுமார் 100 மீட்டர் ஆழம். உள்ளே ஆறும் அடர்ந்த காடும். கியாம்புரா பள்ளத்தாக்கு என்பது இதுதான்.

இங்கே சிறிய சிம்பன்சிக் கூட்டம் ஒன்று வாழ்கிறது. சுற்றிலும் புல்வெளியும் விளைநிலமும் சூழ்ந்துவிட்டதால், வேறு காட்டுக் கூட்டங்களோடு அதற்குத் தொடர்பு அற்றுப்போய்விட்டது. வெளியிலிருந்து புது ரத்தம் சேராத கூட்டத்தின் எதிர்காலம் உண்மையிலேயே கவலைக்குரியது.

பார்க்கப் போகிறவர்கள் உகாண்டா வனவிலங்கு ஆணையத்தின் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. சரிவில் கால் வழுக்காது. சளி, இருமல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நியாயம். மனிதருக்குச் சாதாரணமான சளி, சிம்பன்சியின் உயிரையே குடித்துவிடக்கூடும்.

வழிகாட்டி முதலில் தேடுவது உருவத்தை அல்ல, குரலை. தொலைவில் கேட்கும் கூச்சலும், தின்று போட்ட பழமும், மரத்தில் கிளைகளை வளைத்துக் கட்டிய படுக்கையும்தான் தடயங்கள்.

பறவை விரும்பிகள் தொலைநோக்கியை மறக்கக் கூடாது. இந்தப் பூங்காவில் மட்டும் சுமார் 600 பறவை இனங்கள் உண்டு. சிவந்த தொண்டையுள்ள கருப்புப் பஞ்சுருட்டானைப் பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே தேடலாம்.

சிம்பன்சி கண்ணில் படும் என்று இங்கே யாரும் உறுதி தருவதில்லை. கட்டாயம் பார்த்தாக வேண்டும் என்பவர்கள், வடக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிம்பன்சிகள் வாழும் கிபாலே காட்டுக்கும் ஒரு நாளை ஒதுக்குவது நல்லது.