தொழுகை வரிசை

தோழர்களே, நான் மார்க்கம் பேச வரல. ஒரு வரிசையைப் பத்திப் பேச வந்திருக்கேன்.

ஜமாஅத் தொழுகையில் இமாம் முன்னால் நிற்பார். அவருக்குப் பின்னே தோளோடு தோள் ஒட்டி வரிசை கட்டுகிறார்கள், 'ஸஃப்' என்பார்கள். யாருக்கும் அங்கே இடம் பட்டா போட்டுத் தரவில்லை. முந்தி வந்தவன் முன்வரிசை. பிந்தி வந்தவர் முதலாளியே ஆனாலும் பின்வரிசைதான். சஜ்தாவில் குனிந்தால் முன்னால் இருக்கிற கூலிக்காரன் குதிகாலுக்குப் பக்கத்தில் அவர் நெற்றி படும். பரிவட்டத்துக்கும் முதல் மரியாதைக்கும் வெட்டிக்கிற ஊர்ல இது சின்ன விஷயமா?

1981 பிப்ரவரியில், அன்றைய நெல்லை மாவட்டம் மீனாட்சிபுரத்தில் நம்ம சனங்க நூற்றுக்கணக்கில் இஸ்லாத்துக்குப் போனாங்க. வளைகுடாப் பணம்னு டில்லி வரைக்கும் கூச்சல். தொட்டால் தீட்டு என்றவன் ஊரில் தோள் உரச நிற்பதற்கு என்ன விலை என்று கூச்சல் போட்டவர்கள் கேட்கவில்லை.

சரி, தொழுகை முடிந்து செருப்பை மாட்டிய பிறகு? பீகாரின் அலி அன்வர் 2001-ல் 'மஸாவாத் கி ஜங்' நூலில் முஸ்லிம்களுக்குள் இருக்கும் சாதியை அம்பலப்படுத்தினார். பள்ளிவாசலில் ஒட்டிய தோள், பெண் கொடுத்து எடுக்கும்போது விலகிக்கொள்கிறது. அரசாங்கமும் சும்மா இல்லை: 1950 ஆணைப்படியான பட்டியல் சாதி உரிமை 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் நீண்டது, தலித் முஸ்லிமுக்கும் தலித் கிறித்தவருக்கும் இன்னும் இல்லை.

பெண்கள் கதை தனி. 2005-ல் நியூயார்க்கில் ஆமினா வதூத் ஆணும் பெண்ணும் கலந்த ஜும்ஆவுக்கு இமாமாக நின்றார். பள்ளிவாசல்கள் இடம் தரவில்லை. கிறித்தவத் தேவாலயத்துக் கட்டடத்தில்தான் நடந்தது.

இஸ்லாமியத் தோழர்களும் இங்கே வந்திருக்கீங்க. இதுக்கு நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்கத்தான் உக்காரப் போறேன்.