என் பாட்டனாரும் ஏரி மீனும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நம் முன்னோரைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். அண்ணல் அம்பேத்கரைப் பற்றிப் பேச என்னினும் தகுதியுடையோர் இம்மேடையில் பலர் இருக்கின்றனர். ஆகவே, மழைக்கும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத ஒருவரைப் பற்றிப் பேச விழைகின்றேன். (ஒதுங்கியிருந்தால் உள்ளே விட்டிருப்பார்களா என்பது வேறு செய்தி.) அவர் என் பாட்டனார்.

அவர் ஊர் ஏரியின் நீர்க்கட்டி. மதகைத் திறப்பதும், மடை மாற்றுவதும், வயல்தோறும் முறை வைத்து நீர் பாய்ச்சுவதும் அவர் பணி. மற்ற நேரமெல்லாம் தூண்டிலும் கையுமாகவே இருப்பார். நம் விருத்தாசலத்தை ஒட்டி ஓடும் மணிமுத்தாறே அவருடைய பள்ளி. மூங்கில் கழி, மயிலிறகுக் காம்பில் செய்த மிதப்பு, ஒரு சிரட்டை மண்புழு. இவ்வளவே அவருடைய கருவிகள். மிதப்பு அசையும் அசைவைக் கொண்டே கெண்டையா கெளுத்தியா என்று கூறிவிடுவார். கெளுத்தியின் முள் குத்தாமல் பிடிக்கும் முறையை என் விரல்களை மடக்கிக் காட்டியே கற்பித்தார். முழங்கால் ஆழச் சேற்று நீரில் ஊத்தாவைக் கவிழ்த்து, மேல்வாய் வழியே கைவிட்டுக் குறவையை எடுப்பதில் அவருக்கு நிகர் எவருமிலர். ஐப்பசியில் புதுவெள்ளம் வந்தால் மீன்கள் நீரை எதிர்த்து வாய்க்காலில் ஏறும். அந்த இரவுகளில் அவர் உறங்கியதே இல்லை.

விராலைப் பற்றி அவருக்கொரு தனிச் சட்டம் இருந்தது. விரால் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீர்மேல் மிதக்கும். தாயும் தந்தையும் அடியில் நின்று காவல் காக்கும். அப்போது தூண்டில் போட்டால் காவல் மீன் சீறி வந்து கவ்வும், எளிதில் சிக்கும். பலர் அவ்வாறே பிடித்தனர். பாட்டனார் அந்தக் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் கழியைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். இதை நான் பின்னர் விலங்கியல் நூலில் படித்தபோது, புதிதாக ஏதும் கற்றதாகத் தோன்றவில்லை.

ஏரி இருக்க, இவர் ஏன் ஆற்றுக்குப் போனார் என்று நீங்கள் கேட்கலாம். மதகைத் திறக்க அவர் கை வேண்டும். அதே ஏரியில் தூண்டில் போட அந்தக் கை ஆகாது. கோடையில் நீர் வற்றியதும் ஊரார் இறங்கிப் பிடிப்பர். அவர்கள் கரையேறிய பின்னரே நம் தெருவினர் சேற்றைத் துழாவலாம். பாட்டனார் ஒருநாளும் அதற்கு இறங்கியதில்லை. “மிச்சத்தை அள்ள நான் வரமாட்டேன்” என்று வீட்டிலேயே அமர்ந்திருப்பாராம்.

பொதுக் கிணறும் குளமும் சாலையும் யாவர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசனார் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1927-இல் அண்ணல் மகாட் நகரின் சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். ஆறும் குளமும் எவர்க்கும் தடையின்றித் திறந்திருக்க வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் கூறிற்று. இவற்றில் ஒன்றும் எங்கள் ஏரிக்கரைக்குத் தானாக நடந்து வரவில்லை. படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆள் என் தந்தையார். சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகத்தின் பள்ளியில் அவர் அப்போது பயின்றுகொண்டிருந்தார். விடுமுறையில் வந்தவர், மீன்பாசி ஏல அறிவிப்பைச் சுவரில் கண்டு வரி வரியாகப் படித்துக் காட்டினார். இன்ன தெருவினர் கேட்கக் கூடாது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை! பாட்டனார் மறுமுறையும் படிக்கச் சொன்னாராம். பிறகு பன்னிரண்டு வீட்டார் பணம் திரட்டினர்.

முதல் ஆண்டு விலையை ஏற்றி விட்டு நம்மவரைத் தோற்கடித்தனர். இரண்டாம் ஆண்டும் அவ்வாறே. அவ்விரண்டு ஆண்டும் வேலை மறுக்கப்பட்ட வீடுகள் உண்டு. கடன் திருப்பிக் கேட்கப்பட்ட வீடுகளும் உண்டு. மூன்றாம் ஆண்டு ஏலம் நம் பக்கம் அமைந்தது. பாட்டனார் கைநாட்டு வைத்தார். அருகில் தந்தையார் அவர் பெயரை எழுதினார். குத்தகைப் பணம் போக நின்ற ஆதாயம் பெரிதன்று. ஆனால் அந்தக் கோடையில் ஏரிக்குள் முதலில் இறங்கியவர் என் பாட்டனார்.

இளைஞர்களே! இன்று மணிமுத்தாற்றில் நீர் ஓடும் நாள்கள் குறைவு. 1952-இல் வெளிநாட்டிலிருந்து வந்த சிலேபிக் கெண்டையே ஏரிகளில் மிகுந்துள்ளது. உளுவை, ஆரல், அயிரை என்றால் என் மாணவர் விழிக்கின்றனர். ஆகவே கழக நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைக்குமாறு செயலாளரிடம் வேண்டியுள்ளேன். உங்கள் வீட்டு முதியோர் அறிந்த மீன், மண், விதை, கருவி ஆகியவற்றின் பெயர்களையும், எந்தக் கரையில் எவருக்கு எது மறுக்கப்பட்டது என்பதையும் கேட்டு, நாளிட்டு எழுதுங்கள். முதற் பக்கத்தை நான் இன்றே எழுதித் தருகின்றேன்.