கட்டாய ஊசி: யாருக்குக் கட்டாயம்?

(ஆஸ்பத்திரித் துப்புரவுப் பெண்களும், மில் தொழிலாளரும், விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் தடுப்பு ஊசி போட்டுக்கொண்டே தீரவேண்டும், மாட்டேன் என்றால் வேலை போய்விடும் என்று சட்டம் செய்வது நியாயமா? இதைப்பற்றிப் பேசவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கொரோனாக் காலத்தில் கிளம்பிய விவாதம் இது. கொரோனா அடங்கிவிட்டது, விவாதம் அடங்கவில்லை.

பஞ்சாலையில் நூல் பிடிக்கிறவனுக்கும் வயலில் நாற்றுப் பிடுங்குகிறவளுக்கும் இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கப் போவது யார்? நம் வீட்டுப் பெண்கள். காய்ச்சல் வந்தால் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படுப்பது யார்? அதுவும் நாம்தான். விளக்குமாறு பிடிக்கிற கையும் நம்முடையது, கட்டிலில் கிடக்கிற உடம்பும் நம்முடையது. ஆகவே ஊழியர் பக்கம் மட்டும் பேசிவிட்டுப் போகவும் நமக்கு முடியாது, நோயாளி பக்கம் மட்டும் பேசிவிட்டுப் போகவும் முடியாது.

முதலில் ஒரு சமையல்காரரைப்பற்றிச் சொல்லுகிறோம்.

சோமாலியா நாட்டில் மெர்கா என்று ஒரு ஊர். அங்குள்ள ஆஸ்பத்திரியில் அலி மாவ் மாலின் என்ற 23 வயது வாலிபர் சமையல் வேலை பார்த்தார். 1977 அக்டோபர் 12-ந் தேதி ஒரு வண்டி வந்தது. உள்ளே பெரியம்மை கண்ட இரண்டு குழந்தைகள். அவர்களைத் தனியே வைக்கும் முகாமுக்கு டிரைவருக்கு வழி தெரியவில்லை. வழி காட்டுகிறேன் என்று இவர் வண்டியில் ஏறினார். சில நிமிஷப் பயணம், அவ்வளவுதான். பத்து நாளில் இவருக்குக் காய்ச்சல். மலேரியா என்றார்கள், பிறகு சின்னம்மை என்றார்கள். கடைசியில் பெரியம்மை என்று தெரிந்தது. உலகத்தில் இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி அவர்தான். அவர் பிழைத்துக்கொண்டார். வண்டியில் இருந்த குழந்தைகளில் ஒன்று இறந்துபோயிற்று.

அந்த ஆஸ்பத்திரி ஊழியர்கள் எல்லோரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று விதி இருந்தது. இருந்தும் சமையல்காரருக்குப் பாதுகாப்பில்லை. இதைவிட வேடிக்கை, அவரே கொஞ்ச காலம் ஊராருக்கு அம்மை குத்தும் வேலையும் பார்த்திருக்கிறார்! ஊரார் கையைப் பிடித்துக் குத்தியவர் தன் கையைக் காட்டவில்லை. வலிக்கும்போலத் தெரிந்தது, பயந்துவிட்டேன் என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார்.

அவரைக் கேலி செய்ய நமக்கு யோக்கியதை கிடையாது. அம்மை குத்துகிறவர் தெருவில் நுழைந்தால் பிள்ளைகளைக் குதிருக்குள் ஒளித்து வைத்த கதையை நம் கிழவிகள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம்.

மாலினுக்கு நோய் என்று தெரிந்ததும் என்ன செய்தார்கள்? ஆஸ்பத்திரியில் புது நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். அவரோடு பழகிய 161 பேரைத் தேடிப் பிடித்தார்கள். அவர்களில் 41 பேர் அம்மை குத்திக்கொள்ளாதவர்கள். வீடு வீடாகப் போய் இரண்டு வாரத்தில் 54,777 பேருக்குக் குத்தினார்கள். அவரிடமிருந்து வேறு ஒருவருக்கும் தொற்றவில்லை. 1980 மே மாதம் பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார சபை அறிவித்தது. மாலின் பிற்காலத்தில் போலியோ மருந்து கொடுக்கும் ஊழியராகச் சேர்ந்தார். மருந்து வேண்டாம் என்ற தாய்மார்களிடம் தன் கதையைச் சொல்லிச் சொல்லி இணங்க வைத்தார். 2013-ல் அந்த வேலையில் இருக்கும்போதே மலேரியா கண்டு இறந்தார்.

சுவரில் விதியை ஒட்டினால் அது ஊழியர் கைக்குள் இறங்காது. இது முதல் விஷயம். இரண்டாவது விஷயம், ஆஸ்பத்திரி ஊழியர் என்றால் யார்? டாக்டரும் நர்ஸும் மட்டுமா? வியாதிக்கு அப்படி வித்தியாசம் தெரியாது. சமையல்காரர், டிரைவர், துணி வெளுப்பவர், குப்பை அள்ளுகிறவர் எல்லோரையும் அது ஒன்றாகவே நினைக்கிறது. நிர்வாகத்தின் பட்டியல்தான் அப்படி நினைப்பதில்லை.

இப்பொழுது அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே ஆஸ்பத்திரித் தொழிலாளிகள் ஊசிக்காகவே போராடினார்கள்.

ஹெபடைடிஸ் பி என்று ஒரு மஞ்சள் காமாலை. ரத்தத்தின் வழியாகத் தொற்றும். சிலருக்கு வந்த சுவடே தெரியாமல் உள்ளே தங்கிக் கல்லீரலை அரித்துவிடும். புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும். நோயாளிக்குக் குத்திய ஊசி, தடுப்பு ஊசி போடாத ஊழியர் கையில் தைத்துவிட்டால், நூறு பேரில் 6 முதல் 30 பேர் வரைக்கும் இது தொற்றக்கூடும். எய்ட்ஸ் கிருமி என்றால் எல்லோரும் நடுங்குகிறோம். அது அப்படித் தொற்றுவது ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான். எதற்கு அதிகம் பயப்படவேண்டும் என்று பாருங்கள்!

இந்தக் காமாலைக்கு 1981-லேயே அமெரிக்காவில் தடுப்பு ஊசி அனுமதி பெற்றுவிட்டது. ஆனால் விலை? மூன்று டோஸுக்கு ஏறத்தாழ நூறு டாலர். பெரும்பாலான நிர்வாகங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. வருஷம் 8,700 சுகாதார ஊழியர்களுக்கு இந்த நோய் தொற்றுகிறது, சுமார் 200 பேர் சாகிறார்கள் என்று சர்க்கார் இலாகாவே கணக்குப் போட்டது. 1986-ல் ஆஸ்பத்திரித் தொழிலாளர் சங்கங்கள் அந்த இலாகாவுக்கு மனுக் கொடுத்தன. அவசரச் சட்டம் வேண்டும் என்றன. அவசரம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சங்கங்கள் விடவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1991 டிசம்பரில், விதி பிறந்தது.

அந்த விதி என்ன சொல்லுகிறது? ரத்தத்தோடு பழகும் வேலையில் ஒருவரைப் போட்டால், பத்து வேலை நாட்களுக்குள் முதலாளி அவருக்கு இந்த ஊசியைக் கொடுக்க முன்வரவேண்டும். தம்பிடி வாங்கக்கூடாது. வசதியான நேரத்தில், வசதியான இடத்தில் போடவேண்டும். ஊசியைப்பற்றி விளக்கிச் சொல்லவேண்டும். தொழிலாளி வேண்டாம் என்றால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறுக்கலாம். பிறகு மனசு மாறி வந்தால் அப்பொழுதும் இலவசமாகப் போட்டாகவேண்டும். கட்டாயம் என்ற நுகத்தடியை முதலாளி கழுத்தில் வைத்தார்கள், கவனியுங்கள். பலன் என்ன? 1983-ல் பத்தாயிரத்துக்கு மேல் இருந்த தொற்று 2001-ல் நானூறுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஊசியோடு கையுறையும், கூர்மையான ஊசிகளைப் போடும் கெட்டிப் பெட்டியும் சேர்ந்துதான் இதைச் செய்தன.

மில் தொழிலாளிக்கு இது புது விஷயமில்லை. 1948-ம் வருஷத்துப் பாக்டரிச் சட்டம், ஓடுகிற மிஷினுக்கு வேலி போடும் பொறுப்பை யார் தலையில் வைத்தது? முதலாளி தலையில். வேலி போடாமல் வைத்துக்கொண்டு, ‘கையை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளாதது உன் குற்றம்’ என்று சொல்ல இடமில்லை. சொல்லுகிறார்கள், அது வேறு சங்கதி.

இனி இங்கிலாந்து. அங்கே முதியோர் பராமரிப்பு இல்லங்களில் கொரோனாவால் மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். பெற்றவர்களைப் பறிகொடுத்த பிள்ளைகள், ‘எங்கள் தாயைத் தூக்கி உட்கார வைக்கிறவர் ஊசி போட்டிருக்க வேண்டாமா?’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதைத் தள்ளிவிட நாம் தயாராக இல்லை. சர்க்கார் சட்டம் செய்தது: 2021 நவம்பர் 11 முதல், தக்க வைத்தியக் காரணம் இல்லாமல் ஊசி போடாதவர் அந்த இல்லங்களில் வேலை செய்யக்கூடாது. இதனால் சுமார் 40,000 பேர் வேலையை விட்டுப் போக நேரலாம் என்று சர்க்காரே கணக்குப் போட்டது.

இந்த ஊழியர்கள் யார்? ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இத்தனை மணி நேரம் வேலை உண்டு என்ற உறுதியே கிடையாது. கூப்பிட்டால் வரவேண்டும், கூப்பிடாவிட்டால் பட்டினி. காய்ச்சல் வந்து படுத்தால் பலருக்குக் கிடைத்தது சட்டப்படியான நோய்ப்படி மட்டும்தான். 2021-ல் அது வாரத்துக்கு 96 பவுன் 35 பென்ஸ். முழுநேர வேலைக்கான குறைந்தபட்சக் கூலியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஊசி போட்ட மறுநாள் உடம்பு வலித்துப் படுத்தால் அந்த நாள் கூலியை யார் கொடுப்பார்கள் என்று அவர்கள் யோசித்ததில் ஆச்சரியம் என்ன?

2020-ல் அந்த நாட்டுப் புள்ளிவிவர அலுவலகம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இல்லங்களின் பதில்களை வாங்கி ஆராய்ந்தது. நோய்க்காலச் சம்பளம் கொடுத்த இல்லங்களில் முதியோருக்குத் தொற்று குறைவாக இருந்தது. ஆட்களை ஏஜென்சி மூலம் மாற்றி மாற்றி எடுத்த இல்லங்களில் அதிகமாக இருந்தது. காரணம் சொல்லவா வேண்டும்? சம்பளம் உண்டு என்றால் காய்ச்சல்காரர் வீட்டில் இருப்பார். இல்லை என்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார். ஊசிக்குச் சட்டம் செய்ய முடிந்த சர்க்காருக்கு இதற்கும் சட்டம் செய்ய முடிந்திருக்கும். செய்யவில்லை.

பிறகு நடந்தது கூத்து. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் 2022 ஏப்ரல் 1 முதல் இதே கட்டாயம் என்றார்கள். ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று உறுப்பினர்களிடம் சொல்லிவந்த சங்கங்களே, ஆள் இல்லாமல் வார்டுகள் என்ன ஆகும் என்று கேட்டன. ஜனவரி 31-ந் தேதி சர்க்கார் பின்வாங்கிற்று. மார்ச் 15-ந் தேதி முதியோர் இல்லச் சட்டமும் ரத்து. அமெரிக்காவில் சர்க்கார் பணம் பெறும் ஆஸ்பத்திரிகளின் ஊழியர்களுக்குக் கொரோனா ஊசி கட்டாயம் என்ற விதியை 2022 ஜனவரி 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நான்கு என்று ஏற்றுக்கொண்டது. 2023-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஊசியே மோசடி என்று கிளப்பிவிடுகிறவர்கள் கூட்டத்தில் நாம் இல்லை. கொரோனா ஊசி எத்தனையோ பேரைச் சாவிலிருந்து காப்பாற்றியது. ஆனால் எல்லா ஊசியும் ஒன்றல்ல. போட்டவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதைப் பெரியம்மைக் குத்தல் தடுத்த அளவுக்குக் கொரோனா ஊசி தடுக்கவில்லை. ஒமிக்ரான் வந்தபின் அந்தச் சக்தி மிகவும் குறைந்தது. நம் நாட்டு சுப்ரீம் கோர்ட்டும் 2022 மே 2-ந் தேதி, யாரையும் பலவந்தமாக ஊசி போட்டுக்கொள்ள வைக்க முடியாது, பொதுநன்மைக்காகச் சர்க்கார் கட்டுப்பாடுகள் வைக்கலாம், ஆனால் அவை நோயின் அளவுக்குத் தக்கபடி இருக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நமக்கும் அதுவே சரி என்று படுகிறது. நோயாளிக்குத் தொற்றாமல் ஒரு ஊசி நிச்சயமாகத் தடுக்கும் என்றால், அதைப் போடாதவரைக் குழந்தை வார்டில் விடக்கூடாது. அவருக்கு வேறு இடத்தில் வேலை கொடுக்கட்டும். வயிற்றில் அடிப்பது கடைசியிலும் கடைசியாக இருக்கவேண்டும்.

இனி நம் ஊர் சங்கதி. நம் பகுதியில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே வார்டு கூட்டும் ஒரு பெண்மணி கைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்தார். குப்பைப் பையை அழுத்திக் கட்டும்போது உள்ளே கிடந்த ஊசி தைத்துவிட்டது. தைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. “காமாலைக்குத் தடுப்பு ஊசி போட்டிருக்கிறார்களா அம்மா?” என்று கேட்டோம். “அது நர்ஸம்மாங்களுக்குப் போடறாங்க அண்ணே. எங்க பேரு அந்த லிஸ்டுல இல்ல. எங்க பேரு காண்ட்ராக்டர் நோட்டுல இருக்கு” என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டபின் சட்டப் புத்தகத்தைப் புரட்டினோம். ஆஸ்பத்திரிக் கழிவுகளைப்பற்றி 2016 மார்ச் 28-ந் தேதி இந்திய சர்க்கார் வெளியிட்ட விதிகள் இருக்கின்றன. சுகாதார ஊழியர்களுக்கும், கழிவைக் கையாளும் மற்றவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் முதலியவற்றுக்குத் தடுப்பு ஊசி போடுவது ஆஸ்பத்திரியை நிர்வகிப்பவரின் கடமை என்று அதில் எழுதியிருக்கிறது. வேலையில் சேரும்போதும், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவதும் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ‘மற்றவர்களும்’ என்ற சொல்லைப் பாருங்கள். காண்ட்ராக்டர் நோட்டில் பெயர் இருப்பவரும் அதில் அடக்கம். கட்டாய ஊசி வேண்டுமா வேண்டாமா என்று நாம் இங்கே உட்கார்ந்து விவாதிக்கிறோம். கட்டாயம் ஏற்கெனவே இருக்கிறது, தோழர்களே! அது நிர்வாகத்தின்மேல் இருக்கிறது. அதனால்தான் அதைப்பற்றிப் பேச்சு மூச்சு இல்லை.

அந்தப் பெண்மணியை அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனோம். நிர்வாகத்திடமும் போனோம். காண்ட்ராக்டரைக் கேளுங்கள் என்றார்கள். விதியைப் படித்துக் காட்டினோம். இரண்டாவது தடவை போனபோது ஊசி வந்தது. அவருக்கு மட்டுமல்ல, அந்த ஷிப்டில் இருந்த எல்லோருக்கும். இரண்டு பேர் மட்டும் பயந்து ஒதுங்கினார்கள். அவர்களை யாரும் மிரட்டவில்லை. போட்டுக்கொண்டவர்களே பேசினார்கள். ஒருவர் மறு வாரம் போட்டுக்கொண்டார். இன்னொருவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் பெண்கள் இரண்டு காரியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி தைத்தால் விரலை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், பிதுக்காதீர்கள். சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவிவிட்டு அந்த நிமிஷமே டாக்டரிடம் சொல்லுங்கள். எய்ட்ஸ் தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது; 72 மணி நேரம் போனால் பயனில்லை. காமாலை ஊசி மூன்று டோஸ். முதல் டோஸுக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. ஒன்றைப் போட்டுவிட்டு முடிந்தது என்று நிர்வாகம் எழுதிக்கொள்ளும், விடாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் எத்தனை டோஸ் ஆயிற்று, எந்தத் தேதியில் என்று ஒவ்வொருவரும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒன்றும் போடாதவர்கள் முதலில் வாருங்கள். நோட்டு வாசலில் இருக்கிறது.