யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எப்போது சொன்னது?

(தோட்ட வாசிகசாலையில் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமாக நடந்த இலக்கிய வகுப்பில் ஆற்றிய உரை)



இலக்கியப் பாடத்தில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு வரியைக் கொடுத்து, இது யார் கூற்று, யாரிடம் கூறப்பட்டது, எந்தச் சந்தர்ப்பத்தில் என்று கேட்பார்கள். பிள்ளைகள் விடையை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள். புள்ளி கிடைக்கும், நல்லதுதான். ஆனால் மேடையில் ஒருவர் வாக்குக் கொடுக்கும்போதும், ஆபிசில் ஒரு கடதாசியை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும்போதும் நாம் கேட்க வேண்டியதும் இதே மூன்று கேள்விகள்தான். அதனால்தான் இன்றைக்குப் பெற்றோரையும் கூப்பிட்டோம்.

முதலில் சின்ன உதாரணம். கடன் வாங்குவது பற்றியும், தன் மனதுக்கு உண்மையாக நடப்பது பற்றியும் சேக்ஸ்பியர் சொன்ன புத்திமதி என்று சில வரிகளைக் கலண்டரில் போடுகிறார்கள். அதைச் சொல்வது சேக்ஸ்பியர் அல்ல. 'ஹம்லெட்' நாடகத்தில் பொலோனியஸ் என்ற அரண்மனைப் பெரியவர், பாரிசுக்குப் புறப்படும் தன் மகனுக்குச் சொல்வது அது. அடுத்த அங்கத்தில் இதே தகப்பன், மகன் அங்கே எப்படி நடக்கிறான் என்று வேவு பார்க்க ஆள் அனுப்புகிறார். அவனைப் பற்றிப் பொய்யாக நாலு குறை சொல்லி மற்றவர்கள் வாயைக் கிளறு என்று சொல்லியும் விடுகிறார்! புத்திமதியில் பிழை இல்லை. ஆனால் ஆளைத் தெரிந்த பிறகு அது வேறு மாதிரிக் கேட்கிறது.

இப்போது பெரிய உதாரணத்துக்கு வருவோம். 'யூலியஸ் சீசர்' நாடகத்தில் அந்தோனி ஆற்றும் உரையை ஆங்கில தினப் போட்டிக்குப் பிள்ளைகள் பாடமாக்குவது உண்டு. சேக்ஸ்பியர் நமக்குத் தூரம் என்று நினைக்க வேண்டாம். காரைதீவில் பிறந்த நம் விபுலானந்த அடிகள் அவருடைய நாடகங்களைப் பற்றித் தமிழில் 'மதங்க சூளாமணி' என்று ஒரு நூலே எழுதி, அது 1926இல் வெளிவந்தது.

கதை ரோமாபுரியில் நடக்கிறது, கி.மு. 44இல். சீசரைக் குத்திக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் முதலில் சனங்களிடம் பேசுகிறார். சீசருக்கு அதிகார ஆசை வந்துவிட்டது, நாட்டுக்காகத்தான் கொன்றோம் என்கிறார். கூட்டம் ஒத்துக்கொள்கிறது. அப்படியானால் புரூட்டசையே சீசராக்குவோம் என்று ஒருத்தன் சத்தம் போடுகிறான். எதற்காகச் சீசரைக் கொன்றார்கள் என்பது அவனுக்கு விளங்கவே இல்லை, பாருங்கள்.

பிறகு அந்தோனி ஏறுகிறார். கொன்றவர்களைக் குறை சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவருக்கு அனுமதி. ஆகவே அவர் குறை சொல்லவில்லை, புகழ்கிறார். புரூட்டஸ் மதிப்புக்குரிய மனிதர் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். முதல் தடவை அது மரியாதையாகக் கேட்கிறது. சீசர் செய்த நன்மைகளை இடையிடையே சொல்லிக்கொண்டு மறுபடி மறுபடி அதையே சொல்லும்போது மரியாதை கேலியாகி, கேலி குற்றச்சாட்டாகிவிடுகிறது. சொல் அதேதான். இந்த வரியை மட்டும் தனியாகப் பார்த்து 'அந்தோனி புரூட்டசைப் புகழ்கிறார்' என்று எழுதினால் பிள்ளைக்குப் புள்ளி கிடைக்காது.

அப்புறம் சீசருடைய உயிலை எடுத்துக் காட்டுகிறார். வாசிக்க மாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே கூட்டத்தைக் கெஞ்ச வைத்து, கடைசியில் வாசிக்கிறார். ரோமக் குடிமகன் ஒவ்வொருவனுக்கும் 75 திராக்மா காசு, ஆற்றோரத் தோட்டங்கள் எல்லாம் பொதுமக்களுக்கு. கூட்டம் நெருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. வழியில் சின்னா என்ற கவிஞர் அகப்படுகிறார். சதிகாரர்களில் ஒருவருக்கும் அதே பெயர். நான் அந்தச் சின்னா இல்லை, கவிஞன் என்று அவர் கதறியும் விடவில்லை.

மேடையில் ஒப்புவிக்கும் பிள்ளைகள் உரையோடு நிறுத்திவிடுவார்கள். நாங்கள் கேட்பது, இன்னும் கொஞ்சம் புரட்டி நான்காம் அங்கத்தின் முதற் காட்சியைப் படியுங்கள் என்பதுதான். அது வெளிக்கூட்டம் இல்லை. அந்தோனி, ஒக்டேவியஸ், லெப்பிடஸ் மூன்று பேர் மட்டும் இருந்து, யார் யாரைக் கொல்வது என்று பெயர்ப் பட்டியல் போடுகிறார்கள். தன் சொந்தச் சகோதரியின் மகனுடைய பெயருக்கும் அந்தோனி புள்ளடி போடுகிறார். அது முடிந்ததும் லெப்பிடசிடம், சீசர் வீட்டுக்குப் போய் அந்த உயிலை எடுத்து வா என்கிறார். எதற்கு? அதில் கொடுக்கச் சொல்லியிருக்கும் செலவை எப்படிக் குறைக்கலாம் என்று பார்க்க. சனங்களை அழ வைத்த அதே உயில்தான், அந்த 75 திராக்மாதான். (லெப்பிடஸ் வெளியே போனதும் அவரையே சுமை தூக்கும் கழுதைக்கு ஒப்பிட்டுப் பேசுகிறார், அது தனிக் கதை.) அந்த அறைக்குள் சனங்களில் ஒருத்தர்கூட இல்லை.

இது நமக்குத் தெரியாத கதையா? 1000 ரூபா என்ற சொல்லை எத்தனை மேடையில் கேட்டிருப்போம்! 2021இல் அது வர்த்தமானியில் வந்தது, 900 ரூபா அடிப்படைச் சம்பளம், 100 ரூபா கொடுப்பனவு என்று. பிறகு பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோ கூடியது. கிலோ குறைந்தால் அரைப்பேர். சம்பளம் எவ்வளவு என்பது மேடையில் சொல்லும் வரி. எத்தனை கிலோவுக்கு, மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு என்பது அறைக்குள் எழுதும் வரி.

அந்தோனியின் பேச்சு மட்டமானது என்று நாங்கள் சொல்லவில்லை. மேடையில் பேசுகிற எல்லாரும் அதில் படிக்க நிறைய இருக்கிறது, நாங்களும் படித்திருக்கிறோம். அதனால்தான் சொல்கிறோம், சங்கக் கூட்டத்தில் நாங்கள் பேசும்போதும் இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

நம் தமிழிலும் பாதியாக வெட்டப்பட்ட பாட்டு உண்டு. புறநானூற்றில் 192ஆம் பாட்டு, கணியன் பூங்குன்றனார் பாடியது. எல்லா ஊரும் நம் ஊர், எல்லாரும் நம் உறவு என்ற கருத்தோடு தொடங்கும். தொடக்கத்தை மட்டும் சொல்லி மாலை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அதிகம். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு முன்னாலேயே சொல்லிவிட்டுப் போகிறார்கள். நன்மையும் தீமையும் பிறரால் வருவதில்லை என்று அதில் அடுத்து வரும். அதை மட்டும் பிய்த்து எடுத்தால், உங்கள் கஷ்டத்துக்கு நீங்களேதான் காரணம் என்று நமக்கே புத்தி சொல்லலாம். பாட்டு அங்கே முடியவில்லை. ஆற்று வெள்ளத்தோடு போகும் தெப்பம் மாதிரி உயிர் போகிறது என்று தெரிந்துகொண்டதால், பெரியவர்களைப் பார்த்து வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்றுதான் முடிகிறது. அந்தக் கடைசிப் பகுதியை எந்தத் துரையும் மேடையில் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

கண்ணகியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கண்ணகி என்றால் விரித்த தலையும் எரிகிற மதுரையும்தான் நம் நினைவுக்கு வரும். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் அவள் பேசும் வரிசையைக் கவனியுங்கள். கோபத்தோடுதான் தொடங்குகிறாள். ஆனால் தன் ஊர் எது, அந்த ஊர் அரசர்கள் எப்படி நீதி செய்தார்கள், தன் புருசன் யார், அவன் எப்படிச் செத்தான், தன் பெயர் என்ன என்று ஒழுங்காகச் சொல்கிறாள். கள்வனைக் கொல்வது குற்றமில்லை என்கிறான் அரசன். தன் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கப் பரல் என்கிறாள் அவள். எங்களுடையதில் முத்து என்கிறான் அவன். கோவலனிடம் எடுத்த சிலம்பைக் கொண்டு வந்து வைக்க, அவள் உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. தானே கள்வன் என்று அரசன் சொல்லும் புகழ்பெற்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் வருகிறது. பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு, விசாரணை இல்லாமல் ஆளைக் கொன்று முடித்த பிறகு. அவள் கையில் அத்தாட்சி இருந்திராவிட்டால் அந்த வார்த்தை வந்தே இருக்காது. சம்பளச் சீட்டைச் சுருட்டி அடுப்பு பற்ற வைக்கும் அண்ணன்மாருக்காகவும்தான் இதைச் சொல்கிறோம்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகள் இந்தக் காதையை நடித்துக் காட்டப்போகிறார்கள். அரசன் வேசத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை, எல்லாரும் கண்ணகி பக்கம்தான் நிற்கிறார்கள். வாசிகசாலையில் சிலப்பதிகாரம் இரண்டு பிரதிதான் இருக்கிறது. மேல் லயத்துக்கு ஒன்று, கீழ் லயத்துக்கு ஒன்று, புதன்கிழமை மாற்றிக்கொள்ளுங்கள்.