உதைபந்தாட்ட முகாமையாளருக்கு ஏற்ற கணினி

விளையாட்டுக்களில் உடலால் ஆடப்படுவன ஒரு வகை. அறிவால் ஆடப்படுவன மற்றொரு வகை. உதைபந்தாட்டம் முதல் வகையைச் சார்ந்தது. சதுரங்கம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. கணினி தோன்றிய பின்னர் இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்த புதியதொரு விளையாட்டுப் பிறந்தது. அதிலே மைதானத்தில் ஓடுபவர்கள் வேறு, ஆடுபவர் வேறு. ஆடுபவர் பந்தை உதைப்பதில்லை. ஒரு கழகத்தின் முகாமையாளராக வீற்றிருந்து, எவரை வாங்குவது, எவரை விற்பது, எவரைக் களத்தில் இறக்குவது, எவரை ஓய்வில் இருத்துவது என்று முடிவு செய்கின்றார். இவ்வகையில் உலகப் புகழ் பெற்று விளங்குவது இங்கிலாந்தில் உருவான 'ஃபுட்போல் மனேஜர்' என்னும் விளையாட்டாகும்.

இதனை ஆட விரும்பும் இளைஞர் ஒருவர், தந்தையாரையும் அழைத்துக்கொண்டு கணினிக் கடைக்குச் செல்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். "விளையாடுவதற்கு ஒரு கணினி வேண்டும்" என்று கேட்கின்றார். விளையாட்டு என்ற சொல் காதில் விழுந்ததுமே கடைக்காரர், வர்ண விளக்குகள் மின்னும் விலையுயர்ந்த இயந்திரம் ஒன்றை எடுத்து முன்னே வைக்கின்றார். அதன் விலையோ தந்தையாரின் பல மாதச் சம்பளம். வாங்குவதா, விடுவதா என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். இந்த இடத்திலேதான் சிறிது அறிவு பெருந்தொகையை மிச்சப்படுத்தும். கணினி விளையாட்டுக்கள் யாவும் ஒரே வகையின அல்ல. ஒவ்வொன்றும் இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பை வருத்தி வேலை வாங்குகின்றது. எந்த உறுப்பு உழைக்கின்றதோ அந்த உறுப்புக்குப் பணம் கொடுப்பதே முறை.

ஃபுட்போல் மனேஜரின் வரலாற்றைச் சிறிது நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். 1982ஆம் ஆண்டில் கெவின் ரொம்ஸ் என்னும் ஆங்கிலேயர் இதே பெயரில் ஒரு விளையாட்டை வெளியிட்டார். அது வெறும் 48 கிலோபைற் நினைவகம் கொண்ட ஸ்பெக்ட்ரம் கணினியிலேயே இயங்கியது. இக்காலத்தில் 8 கிகாபைற் நினைவகமுள்ள சாதாரணக் கணினி, நினைவக அளவில் அதனைப் போல ஏறத்தாழ ஒன்றே முக்கால் இலட்சம் மடங்கு பெரியது. பின்னர் போல் கொலியர், ஒலிவர் கொலியர் என்னும் சகோதரர் இருவர் வேறொரு விளையாட்டை அமைத்து, 1992ஆம் ஆண்டில் 'சம்பியன்ஷிப் மனேஜர்' என்ற பெயருடன் வெளிக்கொணர்ந்தனர். அவர்கள் நிறுவிய ஸ்போர்ட்ஸ் இன்ரராக்டிவ் நிறுவனமே, வெளியீட்டாளரைப் பிரிந்து சேகா நிறுவனத்துடன் இணைந்த பின்னர், 2004ஆம் ஆண்டின் இறுதி முதல் ஃபுட்போல் மனேஜர் என்னும் பெயரில் தன் விளையாட்டை வெளியிட்டு வருகின்றது.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சம்பியன்ஷிப் மனேஜரில் தொடக்கத்தில் மைதானமே கண்ணுக்குத் தெரியவில்லை. "பந்து இடப்புறம் செல்கின்றது, உதைக்கின்றார், கோல்!" என்றவாறு எழுத்துக்களே ஆட்டத்தை வருணித்தன. வானொலியில் நேர்முக வருணனை கேட்பது போன்றதே அது. 2003ஆம் ஆண்டில்தான் மேலிருந்து பார்ப்பது போன்ற மைதானமும், அதில் நகரும் வட்டங்களும் தோன்றின. முப்பரிமாணக் காட்சி வந்தது 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயாகும். காட்சி இல்லாத காலத்திலும் மக்கள் இரவு பகலாக இதனை ஆடினர். ஆகவே காட்சி இவ்விளையாட்டின் ஆடை; கணக்கே அதன் உயிர்.

அந்தக் கணக்கு எத்தகையது? இங்கிலாந்தின் முதல் நான்கு பிரிவுகளை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். முதற் பிரிவில் 20 கழகங்கள், ஏனைய மூன்றிலும் 24 வீதம் 72 கழகங்கள், மொத்தம் 92. ஒவ்வொரு கழகமும் தன் பிரிவிலுள்ள மற்றைய கழகங்களோடு இருமுறை மோதுவதால், முதற் பிரிவில் 380 ஆட்டங்களும், ஏனைய பிரிவுகளில் 552 வீதம் 1,656 ஆட்டங்களும் ஒரு பருவத்தில் நிகழும். கிண்ணப் போட்டிகளை நீக்கியே 2,036 ஆட்டங்கள். ஆடுபவர் தம் கழகத்தின் ஆட்டத்தை மாத்திரமே பார்க்கின்றார். மற்றையவற்றையெல்லாம் கணினி திரைக்குப் பின்னால் தானே ஆடி முடிக்கின்றது. அது மாத்திரமன்று. ஒவ்வொரு வீரருக்கும் வேகம், பொறுமை, பந்தைக் கடத்தும் திறன் முதலான முப்பதுக்கு மேற்பட்ட பண்புகள் 1 முதல் 20 வரையான எண்களாற் குறிக்கப்பட்டுள்ளன. காயம், வயது, ஊதியம், மனக்குறை ஆகியனவும் நாள்தோறும் மாறுகின்றன. இத்தரவுகளின் நேர்த்தியைக் கண்டு, இங்கிலாந்தின் எவேட்டன் கழகமே 2008ஆம் ஆண்டில் வீரர்களைத் தேடுவதற்காக இவற்றைப் பயன்படுத்த உடன்பாடு செய்துகொண்டது.

எனவே, வாங்குபவர் முதலிற் கவனிக்க வேண்டிய உறுப்பு செயலியாகும். கணக்கெல்லாம் அங்கேயே நிகழ்கின்றது. 'தொடர்க' என்னும் பொத்தானை அழுத்தியதும் அடுத்த நாள் விரைவாக விடிவதும், நெடுநேரம் காத்திருக்க நேர்வதும் பெரும்பாலும் செயலியைப் பொறுத்தவை. செயலியைத் தேரும்போது பெயரைக் கண்டு மயங்கலாகாது. ஐ7 என்றால் உயர்ந்தது, ஐ3 என்றால் தாழ்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் 2011ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாந் தலைமுறை ஐ7 மேசைக்கணினிச் செயலியைக் காட்டிலும், 2022ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னிரண்டாந் தலைமுறை ஐ3 செயலி விரைவாகக் கணக்கிடும். இரண்டிலும் 'கோர்' எனப்படும் கணிக்கும் கூறுகள் நான்கே. எனினும் தலைமுறை வேறு. ஆகவே பெயருக்கு முன்னர் தலைமுறையை விசாரித்தல் வேண்டும். மடிக்கணினியாயின், இன்ரெல் செயலிப் பெயர்களின் இறுதியில் வரும் ஆங்கில எழுத்தையும் நோக்குதல் நன்று. 'யு' என்பது மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் மெல்லிய செயலியையும், 'எச்' என்பது கூடிய வலுவுள்ள செயலியையும் குறிக்கும்.

இரண்டாவது, நினைவகம். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த பதிப்புக்கு 4 கிகாபைற் போதும் என்றே தயாரிப்பாளர் அறிவித்திருந்தனர். ஆனால் 'இயங்கும்' என்பது வேறு, 'இனிது இயங்கும்' என்பது வேறு. சில நாடுகளின் போட்டிகளை மாத்திரம் தெரிவு செய்பவருக்கு 8 கிகாபைற் போதும். பல நாடுகளை விரும்புபவருக்கு 16 கிகாபைற் தகும். அதற்கு மேற் செலவிடும் பணம் இவ்விளையாட்டைப் பொறுத்தவரை வீணேயாம். நினைவகத்தைப் பின்னர் கூட்ட இடமுள்ள கணினியாயின், இப்போது குறைவாக வாங்கி, வசதி வரும்போது சேர்த்துக்கொள்ளலாம். சில மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் இதற்கு வழியில்லை. வாங்குமுன் இதனைக் கேட்டறிதல் அவசியம்.

மூன்றாவது, சேமிப்பகம். சுழலும் தட்டுடைய பழைய வன்தட்டை விடுத்து, எஸ்.எஸ்.டி. எனப்படும் அசையாச் சேமிப்பகத்தையே கொள்ளுதல் வேண்டும். ஆட்டத்தைத் திறப்பதும் சேமிப்பதும் அதனால் பன்மடங்கு விரைவாகும். ஆனால் நாட்களைக் கணக்கிடும் வேகம் அதனால் அவ்வளவாகக் கூடாது. அது செயலியின் வேலை. இவ்வேறுபாட்டை அறியாதார், சேமிப்பகத்தை மாற்றியும் காத்திருப்புக் குறையவில்லையே என்று வருந்துவர்.

இனி, கடைக்காரர் முதன்மையாகப் புகழ்ந்த கிராபிக்ஸ் அட்டையைப் பார்ப்போம். படைவீரர்கள் ஓடிச் சுடும் விளையாட்டுக்களுக்கும், கார்ப் பந்தய விளையாட்டுக்களுக்கும் அது இன்றியமையாதது. அங்கே கண்ணுக்குத் தெரியும் ஒவ்வோர் இலையையும் நிழலையும் நொடிக்குப் பலமுறை வரைதல் வேண்டும். ஃபுட்போல் மனேஜரிலோ ஆடுபவரின் நேரத்திற் பெரும்பகுதி அட்டவணைகளையும் எண்களையும் வாசிப்பதிலேயே கழிகின்றது. 2023ஆம் ஆண்டுப் பதிப்புக்கு 256 மெகாபைற் அளவுள்ள மிகப் பழைய அட்டையே போதுமானதாயிருந்தது. எனினும் இங்கே ஒரு மாற்றத்தைச் சொல்லாமல் விடலாகாது. 2025ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்ட பதிப்பு அவ்வாண்டு பெப்ரவரியிற் கைவிடப்பட்டது. அதன் பின்னர் 2025 நவம்பரில் வெளிவந்த 'ஃபுட்போல் மனேஜர் 26', யூனிற்றி என்னும் புதிய மென்பொருள் அடித்தளத்தின்மீது கட்டப்பட்டது. பெண்கள் உதைபந்தாட்டமும் அதிலேயே முதன்முதல் இடம்பெற்றது. இப்பதிப்பு முன்னையதிலும் கூடிய வரைதிறனை வேண்டுகின்றது. முன்னையதற்கு 7 கிகாபைற் இடம் போதுமாயிருக்க, இதற்கு 20 கிகாபைற் இடம் வேண்டும். ஆயினும் அண்மைக்காலச் செயலிகளோடு இணைந்தே வரும் வரைவியல் உறுப்பைக் கொண்டு, காட்சித் தரத்தைச் சற்றுத் தாழ்த்தி இதனையும் ஆடலாம். முப்பரிமாணக் காட்சியை முழு அழகோடு காண விரும்புபவர், நடுத்தர விலையுள்ள அட்டையோடு நிற்கலாம். மிக உயர்ந்தது எவ்வகையிலும் தேவையில்லை.

செயலிக்கும் நினைவகத்துக்கும் அடுத்தபடியாகப் பலர் மறந்துவிடும் பொருள் திரையாகும். நாள்தோறும் எண்களை வாசிக்க வேண்டியவர்க்குத் திரையே மைதானம். 1366க்கு 768 புள்ளிகளையுடைய திரையில் அட்டவணைகள் நெருங்கிக் கண்ணை வருத்தும். 1920க்கு 1080 புள்ளிகளையுடைய திரையில் அவை விரிந்து தெளிவுறும். வர்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தைத் திரைக்குக் கொடுத்தால் கண்கள் வாழ்த்தும்.

மடிக்கணினியா, மேசைக்கணினியா என்னும் கேள்வியும் எழும். ஒரே விலைக்கு மேசைக்கணினி கூடிய வேகம் தரும். வெப்பத்தையும் எளிதில் வெளியேற்றும். மடிக்கணினி சூடேறியதும் தன்னைக் காத்துக்கொள்ளச் செயலியின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்கலத்தில் இயங்கும்போதும் பெரும்பாலும் அவ்வாறே செய்யும். ஆகையால் மடிக்கணினியை மெத்தைமீது வைத்து ஆடுதல் தகாது. காற்று நுழையும் வழி அடைபட்டால் எத்துணை வலிய செயலியும் களைத்துவிடும். வெளியூரில் தங்கிக் கல்வி கற்பவருக்கு மடிக்கணினி பொருந்தும். வீட்டிலிருந்து ஆடுபவருக்கு மேசைக்கணினியே இலாபம்.

காரியாலயங்களிற் பாவித்து விற்கப்படும் கணினிகளும் இவ்விளையாட்டுக்கு நன்கு பயன்படும். அவை அழகற்றவை, ஆனால் கணக்கில் வல்லவை. ஒரே ஓர் எச்சரிக்கை வேண்டும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிவுற்றது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்குவதற்கு இன்ரெல் செயலி எட்டாந் தலைமுறைக்கு முற்படாததாயிருத்தல் வேண்டும். அதற்கு முந்தியதை மலிவென்று வாங்கினால், மலிவே நட்டமாகும்.

இவ்வளவையும் ஆராய்வதற்கு முன் ஒருவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "எத்தனை நாடுகளின் போட்டிகளை நான் ஆடப்போகின்றேன்?" என்பதே அது. புதிய ஆட்டத்தைத் தொடங்கும்போது எந்தெந்த நாடுகள், எத்தனை பிரிவுகள், எவ்வளவு வீரர் தொகை என்று தெரிவு செய்யும் உரிமை ஆடுபவருக்கு உண்டு. கூட்டக்கூடக் கணக்குப் பெருகும். குறைக்கக்குறைய வேகம் கூடும். ஆகவே எளிய கணினியை உடையவர் ஆட முடியாதவர் அல்லர். அவர் இரண்டொரு நாடுகளோடு தொடங்கினாற் போதும். பெருஞ்செலவிற் கணினி வாங்கியவரும் உலகிலுள்ள போட்டிகளையெல்லாம் ஏற்றிவிட்டால் காத்திருக்கவே நேரும். விளையாட்டைப் பிரதி வாங்கிச் சோதிக்கவும் வழியுண்டு. ஸ்டீம் என்னும் இணைய விற்பனைத் தளத்தில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பழைய கணினி ஒன்று வீட்டில் ஏற்கெனவே இருப்பின், புதியதை வாங்குமுன் அதிலேயே சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை. சில வேளைகளில் நினைவகத்தைக் கூட்டி, எஸ்.எஸ்.டி. ஒன்றை இணைப்பதோடு காரியம் முடிந்துவிடும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது முதுமொழி. நல்ல முகாமையாளர் புகழைப் பார்த்து வீரரை வாங்குவதில்லை. தம் அணியில் எந்த இடம் வெறுமையாக உள்ளதோ அந்த இடத்துக்கு உரியவரையே தேடுகின்றார். பந்து காப்பாளர் இல்லாத கழகம் கோல் அடிப்பவரை வாங்கிக் குவித்தால் என்ன பயன்? ஃபுட்போல் மனேஜர் கற்பிக்கும் முதற் பாடம் இதுவே. அப்பாடத்தை விளையாட்டைத் தொடங்குமுன் கடையிலேயே கற்றுக்கொள்பவர், செயலிக்கும் நினைவகத்துக்கும் திரைக்கும் வேண்டியவற்றைக் கொடுத்து, மிஞ்சிய பணத்தோடு வீடு திரும்புவார். அந்தக் கணினியிலேயே இளையவர் பாடங் கற்பார். தந்தையார் கடிதம் எழுதுவார். மாலையில் அவர்களுடைய கழகம் களம் இறங்கும்.